பீரங்கி இழுக்கும் செயின் வண்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீரங்கி என்றதும் குழாயின் நீளம் என்ன, குண்டு எத்தனை கிலோமீட்டர் போகும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். பதினைந்து டன் இரும்பு அந்த வயலுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பவர் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி. நகர்த்த முடியாத பீரங்கி எதிரியின் கைக்குப் போகக் காத்திருக்கும் இரும்பு. அதை நகர்த்தும் வண்டியைப் பீரங்கியின் பாதி என்றே சொல்வேன். இந்த வண்டிகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பீரங்கி டிராக்டர் என்றால் என்ன?

கனரகப் பீரங்கி, அதன் குண்டுகள், அதை இயக்கும் ஆட்கள் என்று மூன்றையும் ஒரே பயணத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ராணுவ வண்டி. மூன்றும் சேர்ந்து போக வேண்டும். பீரங்கி வந்து ஆள் வராவிட்டால் சுட முடியாது. ஆள் வந்து குண்டு வராவிட்டாலும் அதே கதைதான். அதனால் முன்னால் ஓட்டுநர், அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார இடம், பிறகு குண்டுப் பெட்டிகள், கடைசியில் இழுவைக் கொக்கி என்ற வரிசையில் இதைக் கட்டுகிறார்கள்.

சக்கரத்தில் ஓடும் பீரங்கி டிராக்டர்களும் உண்டு. இங்கே பேசப்போவது இரும்புப் பட்டையில் ஓடுபவற்றைப் பற்றி. புல்டோசரிலும் பொக்லைனிலும் பார்க்கிறோமே, அதே பட்டைதான். பேச்சில் அதைச் செயின் என்போம்; நானும் அப்படியே எழுதுகிறேன்.

இது டாங்கி இல்லையா?

இல்லை. டாங்கி தன் பீரங்கியைத் தலையில் சுமந்துகொண்டு நேரே எதிரியை நோக்கிப் போகும். தடித்த கவசம் அதற்கு வேண்டும். இந்த டிராக்டர் பீரங்கியைப் பின்னால் கட்டி இழுத்து வந்து, நிறுத்தி, அவிழ்த்துவிட்டு, மறைவிடத்துக்கு ஒதுங்கிவிடும். பெரும்பாலானவற்றில் கவசமே கிடையாது. தானே நகரும் பீரங்கி என்பது மூன்றாவது வகை: செயின் வண்டியின் மேலேயே ஹோவிட்சரை (குண்டை உயரமாக வளைத்து எறியும் பீரங்கி) நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் அது.

இதில் பலரை ஏமாற்றும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சோவியத் 203 மி.மீ. ஹோவிட்சரான பி-4இன் புகைப்படத்தைப் பார்த்தால் அது தானாக ஓடும் வண்டிபோலத் தெரியும். அடியில் இரண்டு பக்கமும் செயின் இருக்கும். ஆனால் அதில் இன்ஜின் இல்லை. 17 டன்னுக்கு மேல் எடையுள்ள பீரங்கி மண்ணில் புதையாமல் இருக்கத்தான் அந்தச் செயின். அதையும் ஒரு டிராக்டர்தான் இழுக்க வேண்டும்.

குதிரைகள் இருந்தனவே, அவை போதவில்லையா?

சிறிய பீரங்கிகளுக்குப் போதின. முதல் உலகப் போரில் பிரிட்டனின் 18 பவுண்டர் (18 பவுண்டு எடைக் குண்டைச் சுடும்) பீரங்கிக்கு ஆறு குதிரைகள். எடை ஏற ஏறக் குதிரைகளைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று தோன்றும், அங்கேதான் சிக்கல். பன்னிரண்டு குதிரைகள் ஒரே நொடியில் ஒரே திசையில் இழுப்பதில்லை. வளைவில் முன்குதிரைகள் திரும்பும்போது பின்குதிரைகள் இன்னும் நேராகப் போய்க்கொண்டிருக்கும். சேற்றில் ஒரு குதிரை விழுந்தால் மற்றவையும் நிற்க வேண்டும். அதோடு குதிரை வேலை செய்யாத நாளிலும் தின்னும். அந்தத் தீவனத்தைக் கொண்டுவர வேறு வண்டிகள், அவற்றை இழுக்க வேறு குதிரைகள். ஐந்து டன், பத்து டன் ஹோவிட்சர்கள் வந்ததும் இந்தக் கணக்கு உடைந்துபோனது.

முதலில் யார் செய்தார்கள்?

இரண்டு இடங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இது முளைத்தது. இங்கிலாந்தின் கிராந்தம் நகரில் ரிச்சர்ட் ஹார்ன்ஸ்பி நிறுவனத்தில் டேவிட் ராபர்ட்ஸ் என்ற பொறியாளர் செயின் அமைப்புக்கு 1904இல் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷ் ராணுவம் அந்த வண்டியை ஆல்டர்ஷாட்டில் சோதித்துப் பார்த்தது, பாராட்டியது, ஆனால் பெரிய அளவில் வாங்கவில்லை. மனம் வெறுத்துப்போன நிறுவனம் காப்புரிமையை அமெரிக்காவின் ஹோல்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

அந்த ஹோல்ட் நிறுவனம் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் இருந்தது. அங்கே ஆற்றுப் படுகை மண் பஞ்சுபோல இருக்கும். நீராவி டிராக்டர்கள் சக்கரம் புதைந்து நின்றுவிடும். சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார்கள். வண்டி வீடு அளவுக்குப் பெரிதானதே தவிரப் பலன் போதவில்லை. கடைசியில் பெஞ்சமின் ஹோல்ட் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் செயினை மாட்டினார். 1904 நவம்பரில் அந்த வண்டி சேற்று நிலத்தில் ஓடியது. கம்பளிப்புழுபோல ஊர்ந்ததால் அதற்குக் கேட்டர்பில்லர் என்று பெயர் வந்தது. இன்றைக்கும் மஞ்சள் நிற இயந்திரங்களில் பார்க்கும் பெயர் அதுதான். ஹோல்ட், பெஸ்ட் என்ற இரண்டு நிறுவனங்கள் 1925இல் இணைந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன.

உழவுக்குச் செய்த இந்த வண்டியைத்தான் முதல் உலகப் போர் வந்ததும் பிரிட்டனும் பிரான்சும் வாங்கிப் பீரங்கி இழுக்கவிட்டன. 75 குதிரைத்திறன், மனிதன் நடக்கும் வேகம், திருப்புவதற்கு மூக்குக்கு முன்னால் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைச் சக்கரம். பார்க்க அழகில்லை. ஆனால் குதிரைகள் நின்றுவிட்ட இடங்களில் போனது. டாங்கி என்ற யோசனைக்கே இந்த வண்டிதான் ஒரு விதை: ஹோல்ட் டிராக்டரைப் பற்றிக் கேள்விப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி எர்னஸ்ட் ஸ்விண்டன், இதே செயினில் கவசமும் துப்பாக்கியும் ஏற்றினால் என்ன என்று எழுதி வைத்தவர்களில் ஒருவர். டாங்கிகள் 1916 செப்டம்பரில் சோம் போர்க்களத்தில் இறங்கின. பீரங்கி இழுத்த வண்டிதான் மூத்தது; புகழ் இளையதற்குப் போய்விட்டது.

சக்கரம் புதையும் சேற்றில் செயின் மட்டும் எப்படிப் போகிறது?

எடை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதைப் பொறுத்தது. மெத்தையில் விரலால் குத்தினால் பள்ளம் விழும். உள்ளங்கையை விரித்து அழுத்தினால் விழாது. லாரி டயர் தரையைத் தொடும் இடம் சிறியது. அதன் கீழே வரும் அழுத்தம் ஏறக்குறைய டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம்தான், ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பல கிலோ. எம்டி-எல்பி என்ற சோவியத் செயின் வண்டி 12 டன் எடையோடு சாதாரணச் செயினில் நிற்கும்போது அது 0.46 கிலோ மட்டுமே. பனிக்கும் சதுப்புக்கும் உரிய அகலச் செயினை மாட்டினால் 0.28 கிலோ. நடக்கும் மனிதனின் காலடியைவிட அது மென்மையானது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டிராக்டர் புதையாது, சரி. பின்னால் வரும் பீரங்கி? அது பெரும்பாலும் டயரில் நிற்கிறது. டிராக்டர் சேற்றைத் தாண்டிவிடும். பீரங்கி அச்சு வரை இறங்கிவிடும். அதன்பின் பீரங்கி உருளாது, கலப்பைபோல மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும். சாலையில் ஐந்து டன் பீரங்கியை உருட்டத் தேவைப்படும் விசைக்கும், புதைந்த அதே பீரங்கியைப் பிடுங்கத் தேவைப்படும் விசைக்கும் பல மடங்கு வித்தியாசம். ஆகவே ‘இத்தனை டன் இழுக்கும்’ என்ற எண்ணைப் பார்க்கும்போது, எந்தத் தரையில் என்றும் கேட்க வேண்டும்.

இழுவைத் திறனை எது தீர்மானிக்கிறது? இன்ஜின்தானே?

பாதி உண்மை. இன்ஜின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செயின் தரையைப் பற்றாவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டும். பற்றுவதற்கு வண்டிக்குக் கனம் வேண்டும். அதனால்தான் நல்ல இழுவை வண்டி ஒல்லியாக இருப்பதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் யூனியனின் கார்கிவ் நகரில் தயாரான ஏடி-டி என்ற பீரங்கி டிராக்டர் சுமார் 20 டன் எடையில் 25 டன் இழுத்தது. அதன் பின்தட்டில் இன்னும் 5 டன் ஏற்றலாம். குண்டுகளை ஏற்றினால் வண்டி திணறும் என்று நினைப்போம். உண்மையில் ஓரளவு பாரம் ஏறியதும் செயின் இன்னும் அழுத்தமாகப் பற்றும்.

பிறகு கியர். டாங்கிக்கு வேகம் முக்கியம்; இதற்கு மெதுவாக, நடுங்காமல், விட்டுவிட்டு இழுக்காமல் நகரும் கீழ் கியர் முக்கியம். வெடுக்கென்று இழுத்தால் கொக்கி போகும், இல்லையென்றால் பீரங்கியின் கால் வளையும்.

பீரங்கியை வண்டியோடு எப்படி மாட்டுகிறார்கள்?

அமெரிக்க 155 மி.மீ. ‘லாங் டாம்’ பீரங்கியை எடுத்துக்கொள்வோம். சுட்டு முடித்த நிலையில் அதன் இரண்டு நீண்ட கால்கள் கத்தரிபோல விரிந்து கிடக்கும். கால்களின் நுனியில் இருக்கும் மண்வெட்டி போன்ற தகடுகள் ஒவ்வொரு குண்டுக்கும் பின்னோக்கி உதைபட்டு உதைபட்டு ஆழமாக மண்ணில் இறங்கியிருக்கும். முதல் வேலை அவற்றைப் பிடுங்குவது. கடப்பாரை, மண்வெட்டி, தோள். மழை பெய்திருந்தால் அதுவே அரை மணி நேர வேலை. பிறகு குழாயைப் பின்னுக்கு இழுத்துப் பூட்ட வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் எடை ஒரு பக்கம் சாயும். கால்களைச் சேர்த்து, நுனியைத் தூக்கி, லிம்பர் என்ற இரண்டு சக்கரத் தள்ளுவண்டியின் மேல் ஏற்றிக் கட்டுவார்கள். இப்போதுதான் பீரங்கி முன்னும் பின்னும் சக்கரம் உள்ள வண்டிபோல ஆகிறது.

அடுத்து டிராக்டர் பின்னோக்கி வருகிறது. ஓட்டுநருக்குப் பின்னால் எதுவும் தெரியாது. ஒருவர் ஓரத்தில் நின்று கையை அசைப்பதை மட்டும் நம்பி வருவார். லிம்பரின் நுனியில் இரும்பு வளையம், வண்டியில் திறந்த கொக்கி. கடைசி ஒரு சாண் தூரம் வரும்போது வளையத்தைக் கையால் பிடித்துக் கொக்கிக்கு நேராக வைக்க வேண்டும். விரல் போவது இந்த நொடியில்தான். வளையம் விழுந்ததும் மேல்தாழ்ப்பாளை மூடி, அதன் குறுக்கே பின்னைச் செருகி, பிரேக் குழாய்களை இணைத்து, ஒருவர் பீரங்கியின் கைப்பிரேக்கை விடுவிப்பார். இதைச் செய்ய மறந்து கிளம்பினால் சில கிலோமீட்டரிலேயே பிரேக் கருகும் வாடை வரும்.

அந்த பிரேக் குழாய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இறக்கத்தில் புரிந்துகொள்ளலாம். பின்னால் பதினான்கு டன் தள்ளுகிறது. முன்னால் இருக்கும் வண்டியும் கிட்டத்தட்ட அதே எடைதான். தள்ளுபவர் வென்றால் இரண்டும் கத்தரிபோல மடிந்து சாலையோரத்தில் கிடக்கும்.

இதை ஓட்டுவது லாரி ஓட்டுவதுபோலத்தானா?

பழைய முழுச் செயின் வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங் சக்கரம் இருக்காது, இரண்டு லிவர்கள். இடது லிவரை இழுத்தால் இடது செயினுக்குப் போகும் சக்தி துண்டிக்கப்படும், வலது செயின் மட்டும் ஓட, வண்டி இடப்பக்கம் திரும்பும். இன்னும் இழுத்தால் இடது செயினுக்குப் பிரேக் விழும், திருப்பம் இறுகும்.

கேட்கச் சுலபம். ஆனால் கனமான பீரங்கி தள்ளிக்கொண்டிருக்கும் இறக்கத்தில் இதே லிவரை மெல்ல இழுத்துப் பாருங்கள். சக்தி துண்டிக்கப்பட்ட செயின் நிற்காது. இன்ஜினின் பிடியிலிருந்து விடுபட்டுப் பாரத்தின் தள்ளலில் இன்னும் வேகமாக ஓடும். வண்டி இடப்பக்கம் திரும்புவதற்குப் பதிலாக வலப்பக்கம் திரும்பும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மலைச்சாலையில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. செயின் டிராக்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது கையில் ஊறிய பாடம்.

வண்டியில் வின்ச் எதற்கு?

வின்ச் என்பது இரும்பு வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை. வண்டியால் நேரடியாக இழுக்க முடியாத இடத்துக்கு அது. பீரங்கி குழியில் மாட்டிக்கொண்டால் அதே குழிக்குள் டிராக்டரையும் இறக்குவது புத்திசாலித்தனம் அல்ல. டிராக்டர் முன்னே போய்க் கெட்டித் தரையில் நிற்கும். இரும்பு வடத்தை உருளையிலிருந்து இழுத்து வந்து பீரங்கியில் மாட்டுவார்கள். எல்லோரும் வடத்திலிருந்து விலகி நின்ற பிறகு உருளை சுற்றத் தொடங்கும். வடம் விறைத்துத் தரையை விட்டு எழும். சில நொடிகள் எதுவும் நடக்காது. பிறகு சேறு உறிஞ்சும் சத்தத்தோடு சக்கரம் மேலே வரும். வடம் அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வரும், அதனால்தான் விலகி நிற்பது. வின்ச் இல்லாத பீரங்கி டிராக்டரை நான் முழுமையான பீரங்கி டிராக்டராகக் கருதுவதில்லை.

1941இல் சோவியத் பீரங்கிகள் ஏன் அவ்வளவு எண்ணிக்கையில் பறிபோயின?

போருக்கு முன் சோவியத் யூனியன் பீரங்கி வார்ப்பதில் உலகின் முன்னணியில் இருந்தது. 152 மி.மீ. எம்எல்-20 போல, இன்றைக்கும் வல்லுநர்கள் மெச்சும் பீரங்கிகள். இழுவைக்கு என்று நல்ல டிராக்டர்களையும் வடிவமைத்திருந்தார்கள். கார்கிவ் ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் கொமின்டர்ன் என்ற டிராக்டர் தயாரானது. 1939 இறுதியில் அதே ஆலையில் வொரொஷிலொவெட்ஸ் வந்தது. பின்னது அந்தக் காலத்தில் ஓர் அற்புதம்: 375 குதிரைத்திறன் டீசல் இன்ஜின், 18 டன் இழுக்கும் திறன், சாலையில் லாரிக்கு ஈடான வேகம்.

ஆனால் யானை வாங்கப் பணம் இருக்கிறது, அங்குசம் வாங்கப் பணம் இல்லை என்ற நிலை. வொரொஷிலொவெட்ஸ் ஆயிரத்துச் சொச்சம்தான் தயாரானது. மீதிப் படைப்பிரிவுகள் பண்ணை டிராக்டர்களை நம்பியிருந்தன. அமெரிக்க கேட்டர்பில்லர் வடிவத்திலிருந்து செல்யாபின்ஸ்கில் தயாரான ஸ்டாலினெட்ஸ் எஸ்-65 அவற்றில் முக்கியமானது. வலுவான, நம்பகமான வண்டி. வயலில் அதற்கு நிகரில்லை. வேகம் மணிக்கு 7 கி.மீ. அதுவும் போதாமல், பல டிராக்டர்கள் முகாமில் இல்லவே இல்லை. போர் அறிவித்ததும் கூட்டுப் பண்ணைகளிலிருந்து திரட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

ஜூன் 22 விடியற்காலையில் ஜெர்மனி தாக்கியது. திரட்ட நேரமில்லை. எல்லையோரப் பண்ணைகள் சில நாட்களிலேயே எதிரியின் கையில். டிராக்டர் கிடைத்த பிரிவுகளும் மணிக்கு ஏழு கிலோமீட்டரில் பின்வாங்கின. துரத்தி வந்தது மோட்டார் படை. ஏராளமான எம்எல்-20கள் சேதமின்றி ஜெர்மானியரிடம் சிக்கின. அவர்கள் அவற்றுக்குத் தங்கள் பெயரிட்டுத் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். பீரங்கியில் குறை ஒன்றும் இல்லை. இழுக்க வண்டி இல்லை.

அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. வொரொஷிலொவெட்ஸின் வி-2 இன்ஜின்தான் டி-34, கேவி டாங்கிகளுக்கும். டாங்கியா டிராக்டரா என்ற கேள்வி வந்தபோது டாங்கிதான் வென்றது. டிராக்டர் உற்பத்தி அந்த ஆண்டே நின்றது. ஸ்டாலின்கிராட் ஆலையின் சிறிய எஸ்டிஇசட்-5 மட்டும் 1942 வரை தாக்குப்பிடித்தது. அதன் முதுகிலும் கத்யுஷா ராக்கெட் ஏவிகளை ஏற்றினார்கள். 1943இல் யாரோஸ்லாவில் யா-12 வந்தபோது அதற்குள் இருந்தது அமெரிக்காவிலிருந்து கடன் உதவியாக வந்த ஜிஎம்சி டீசல். எத்தனை பீரங்கி இருக்கிறது என்று எண்ணிவிட்டு எத்தனை டிராக்டர் என்று எண்ணாமல் விட்டதன் விலை இது. ராணுவ வரலாற்று நூல்களில் இதற்கு இரண்டு வரிதான் கிடைக்கிறது என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஜெர்மானியர்கள் முன்னால் சக்கரமும் பின்னால் செயினும் வைத்தது ஏன்?

சாலையில் லாரியின் வேகமும் வயலில் செயினின் பிடிப்பும் ஒரே வண்டியில் வேண்டும் என்ற ஆசை. அரைச் செயின் வண்டி என்று சொல்லலாம். எட்டு டன் இழுக்கும் வகை 88 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கியையும் 150 மி.மீ. ஹோவிட்சரையும் மணிக்கு 50 கி.மீ. வரை இழுத்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் முன்சக்கரம் மட்டும் திரும்பும். அதிகம் திருப்பினால் அந்தப் பக்கச் செயினுக்குத் தானாகவே பிரேக் விழும்.

அழகான பொறியியல்தான், ஆனால் பராமரிப்பவருக்குத் தண்டனை. செயினின் ஒவ்வொரு இணைப்பிலும் எண்ணெய் இட வேண்டிய ஊசித் தாங்கி, ஒவ்வொரு கட்டையிலும் ரப்பர் மெத்தை, ஒன்றின் மேல் ஒன்று கோத்த சக்கரங்கள். உள்வரிசைச் சக்கரத்தைக் கழற்ற வெளிவரிசையை முதலில் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் இரவு அந்த இடுக்குகளில் சேறு உறைந்து காலையில் கல்லாகிவிடும். 18 டன் இழுக்கும் பெரிய வகை வலிமையில் குறைந்ததல்ல. ஆனாலும் சிக்கிய ஒரு டைகர் டாங்கியை இழுக்க அதுபோல இரண்டு மூன்று வண்டிகளைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

கிழக்குப் போர்முனைச் சேறு அவர்களுக்கும் பாடம் கற்பித்தது. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நிறுவனம் ஆர்எஸ்ஓ என்ற எளிய முழுச் செயின் வண்டியைச் செய்தது: லாரி இன்ஜின், மரத்தட்டு, தரையிலிருந்து அரை மீட்டருக்கும் மேல் உயரம், மணிக்கு 17 கி.மீ. மெதுவான வண்டிதான், ஆனால் சேற்றில் நிற்காமல் போனது. அதை இருபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள்.

அமெரிக்கர்களின் வழி வேறா?

ஆம், அவர்கள் எல்லாவற்றையும் ஒரே கூட்டுக்குள் வைத்தார்கள். ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1943 முதல் செய்த எம்4 அதிவேக டிராக்டரைப் பாருங்கள். டாங்கிகளின் சஸ்பென்ஷன் உறுப்புகள், 210 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின், மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வேகம், ஓட்டுநர் போகப் பத்துப் பேருக்கு மேல் உட்காரும் இடம், பின்னால் குண்டுப் பெட்டி. எனக்குப் பிடித்தது அதில் இருக்கும் சிறிய தூக்கி. 155 மி.மீ. குண்டு ஒன்று 43 கிலோ; எட்டு அங்குல ஹோவிட்சரின் குண்டு சுமார் 90 கிலோ. அதைக் கையால் ஏற்றி இறக்கிக் களைத்துப்போன ஆட்கள் வேகமாகச் சுட மாட்டார்கள் என்பதை வடிவமைத்தவர் உணர்ந்திருக்கிறார். 240 மி.மீ. ஹோவிட்சருக்கு இன்னும் பெரிய எம்6. அதற்கு இரண்டு இன்ஜின். அந்த ஹோவிட்சரே குழாய் தனி, அடிப்பாகம் தனி என்று இரண்டு பாரமாகத்தான் போகும்.

பிரிட்டன் ஏன் செயினைக் கைவிட்டது?

விலையும் வேகமும். இரண்டு போர்களுக்கு நடுவே டிராகன் என்ற செயின் டிராக்டர்கள் அவர்களிடம் இருந்தன. பிறகு நான்கு சக்கரமும் இயங்கும் லாரிகள் தேறிவிட்டதால் குவாட், மேட்டடார், ஸ்காம்மெல் என்று சக்கரத்துக்குப் போனார்கள். ஆனாலும் 1944இல் 17 பவுண்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியை இழுக்கப் பழைய குரூசேடர் டாங்கியின் கோபுரத்தைக் கழற்றி டிராக்டர் ஆக்கினார்கள்.

போருக்குப் பிறகு என்ன ஆனது?

சோவியத் யூனியன் 1941ஐ மறக்கவில்லை. ஏடி-எல், ஏடி-எஸ், ஏடி-டி என்று இலகு, நடுத்தர, கனரக வரிசையையே உருவாக்கியது. இவற்றில் ஏடி-டிக்கு விசித்திரமான ஒரு மறுவாழ்வு கிடைத்தது. டி-54 டாங்கியின் உறுப்புகளால் ஆன இந்தப் பீரங்கி டிராக்டரின் அடிப்பாகத்தை நீட்டி, மேலே வெப்பம் காக்கும் அறைகளைக் கட்டி, கார்கிவ்சங்கா என்று பெயரிட்டு அண்டார்க்டிகாவுக்கு அனுப்பினார்கள். 1959 டிசம்பர் 26 அன்று அது தென்துருவத்தை அடைந்தது. அகழி தோண்டும் இயந்திரங்களும் ராணுவ புல்டோசர்களும் அதே அடிப்பாகத்தில் வந்தன.

பிறகு எம்டி-எல்பி. தண்ணீரில் மிதக்கும், துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் கவசம் உண்டு, 240 குதிரைத்திறன், பதினொரு பேர் ஏறலாம், ஆறரை டன் இழுக்கும். 100 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கியையும் 122 மி.மீ. டி-30 ஹோவிட்சரையும் இழுக்கச் செய்த வண்டி. ஆனால் எளிமையாக இருந்ததால் ஆள் ஏற்ற, ஏவுகணை ஏற்ற, காயம்பட்டவரைக் கொண்டுபோக என்று எல்லா வேலைக்கும் பிடித்துக்கொண்டார்கள்.

இன்று ஏன் இவை அருகிவிட்டன?

பறக்கும் குண்டின் பாதையை ரேடார் பார்த்து, சுட்ட இடத்தைச் சில நொடிகளில் கணக்கிட்டுவிடுகிறது. சுட்டவுடன் இடம் மாறாவிட்டால் பதில் குண்டு வந்து விழும். கால்களை மடக்கி, தகடுகளைப் பிடுங்கி, கொக்கி மாட்டிக் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று மேலே பார்த்தோம். தானே நகரும் பீரங்கிக்கு அந்த வேலையே இல்லை. இன்னொரு பக்கம் இழுக்கும் பீரங்கிகளும் இளைத்துவிட்டன: டைட்டானியம் கலந்த எம்777 ஹோவிட்சர் சுமார் 4.2 டன்தான், சாதாரண ராணுவ லாரி இழுக்கும், ஹெலிகாப்டர் தூக்கும். ஓடும்போதே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கும் லாரிகள் வந்ததும் சேற்றில் செயினுக்கு இருந்த தனி மதிப்பும் குறைந்தது.

முற்றிலும் ஒழிந்துவிட்டனவா?

இல்லை. சதுப்பும் பனியும் உள்ள நாடுகள் விடவில்லை. பின்லாந்து, பழைய கிழக்கு ஜெர்மனியின் எம்டி-எல்பிகளை 1990களில் வாங்கிக்கொண்டது. உக்ரைன் போரில் இரண்டு தரப்பும் அதே வண்டியை ஓட்டுகின்றன. வசந்தகாலத்தில் கரிசல் மண் இளகும்போது சக்கர வண்டிகள் சாலையை விட்டு இறங்கத் தயங்கும். ஐம்பது ஆண்டு பழைய செயின் வண்டி இறங்கிவிடும்.

பழைய புகைப்படத்தில் இது பீரங்கி டிராக்டர்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் முன்பக்கம் பாருங்கள். லாரியின் கேபின் செயின் மேல் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தால் அநேகமாக டிராக்டர்தான். ஏடி-டியின் கேபினே அப்போதைய சோவியத் லாரியின் சாயல்தான். இன்ஜின் முன்னால் இருக்கும், பின்பாதி ஏற்றுவதற்குத் திறந்திருக்கும் அல்லது தார்ப்பாய் போட்டிருக்கும். டாங்கியில் பெரும்பாலும் நேர்மாறு, இன்ஜின் பின்னால். பிறகு பின்பக்கப் படம் கிடைத்தால் கொக்கியைத் தேடுங்கள்: டாங்கிகளில் இருக்கும் சாதாரண இழுவை வளையம் அல்ல, மேல்தாழ்ப்பாள் உள்ள தடித்த கொக்கி, அதன் பக்கத்தில் பிரேக் குழாய்களுக்கான முனைகள். அந்த முனைகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பின்னால் பாரம் கட்டி இறக்கத்தில் இறங்குவதற்கென்றே செய்த வண்டி அது.